நகரம் பரவினால் தரை ஏன் கொதிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தின் ஓரத்தில் வயலும் குளமும் மனைகளாக மாறும்போது தரையின் சூடு என்ன ஆகிறது? அதை எப்படி அளப்பது? அளக்கும்போது எங்கே சறுக்குகிறோம்? மாணவர்களும் திட்ட அலுவலர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தரைப்பரப்பு வெப்பநிலை என்பது வானிலை அறிக்கையில் சொல்லும் வெப்பநிலைதானா?

இல்லை. அறிக்கையில் வருவது காற்றின் வெப்பநிலை. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், வெயில் நேராகப் படாத பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது அது. தரைப்பரப்பு வெப்பநிலை என்பது சாலை, கூரை, மண், இலை ஆகியவற்றின் மேல்தோலில் இருக்கும் சூடு. காற்று 35 டிகிரி இருக்கும் நண்பகலில் தார்ச்சாலை 60 டிகிரியைத் தொட்டுவிடும். பக்கத்திலேயே நன்றாக நீர் பாய்ந்த புல்வெளி, காற்றின் சூட்டை ஒட்டியே நிற்கும்.

இந்த இரண்டு வெப்பநிலைகளும் நாளின் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான தரைச்சூட்டு வித்தியாசம் பொதுவாகப் பகலில் பெரிதாக இருக்கும். காற்றின் வித்தியாசமோ சூரியன் மறைந்து சில மணி நேரம் கழித்துத்தான் பெரிதாகும். அதனால் "நகரம் 8 டிகிரி சூடாகிவிட்டது" என்று யாராவது வரைபடத்தைக் காட்டினால், எந்த வெப்பநிலை, எந்த நேரத்தில் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

நகரம் விரியும்போது தரை சூடாவதற்கு முதல் காரணம் என்ன? கான்கிரீட்தானே?

கான்கிரீட்டுக்குப் பங்கு உண்டு. ஆனால் நிலத்திலிருந்து தண்ணீர் போவதுதான் முதல் அடி.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 24.5 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் 0.68 யூனிட். வெயில் காலத்தில் நன்றாக நீர் பாயும் ஒரு பயிர்நிலம் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக விடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் அது 50,000 லிட்டர். அந்த ஹெக்டேர் ஒரு நாளில் ஆவியாக்குவதற்கு மட்டும் செலவிடும் வெப்பம் 34,000 யூனிட். ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் 1,400-ஐ இரவும் பகலும் ஓடவிட்டால் வரும் வெப்பத்துக்கு இது சமம்.

வயலை மூடிய பிறகும் அதே வெயில்தான் அடிக்கிறது. ஆனால் ஆவியாக்க நீர் இல்லை. முன்பு நீராவியோடு சேர்ந்து போன வெப்பம் இப்போது மூன்று வழிகளில் பிரிகிறது: ஒரு பகுதி தரையைச் சூடாக்குகிறது, ஒரு பகுதி மேலே இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது, மிச்சம் கட்டடத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இறங்கித் தங்குகிறது. நகரப் பரவலைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தக் கணக்கை வையுங்கள். நகரம் எவ்வளவு விரிந்தது என்பதைவிட, எந்த நிலத்தின் மேல் விரிந்தது என்பதுதான் சூட்டை அதிகம் தீர்மானிக்கிறது. ஈரநிலத்தின் மேல் ஏறிய 100 ஹெக்டேரும் வறண்ட தரிசின் மேல் ஏறிய 100 ஹெக்டேரும் சூட்டுக் கணக்கில் ஒன்றல்ல.

அப்படியானால் சாலையின் கறுப்பும் கான்கிரீட்டும் பொருட்டே இல்லையா?

இரண்டாவது, மூன்றாவது காரணங்களாக அவை வருகின்றன. புதிதாகப் போட்ட தார்ச்சாலை மேலே விழும் வெயிலில் 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். வெளிறிய பழைய சாலை 10 முதல் 15 சதவீதம் வரை அனுப்பும். தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் அளவில் விழும்போது, புதுச் சாலை 950 வாட்டை விழுங்குகிறது.

கான்கிரீட்டின் குணம் வேறு. அது தாரைவிட வெளிர் நிறம்தான். ஆனால் வெப்பத்தைச் சேமித்து வைக்கும். 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள தளம் பகலில் 15 டிகிரி ஏறினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.25 யூனிட் வெப்பம் உள்ளே போயிருக்கும். இரவின் 12 மணி நேரத்தில் அது முழுவதும் வெளியே வந்தால் சராசரி 100 வாட். மாடிக்குக் கீழே படுப்பவர்கள் நள்ளிரவிலும் கூரையிலிருந்து அனல் இறங்குவதை உணர்வது இதனால்தான்.

இவற்றோடு தெருவின் வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரமான சுவர்களுக்கு இடையில் இருக்கும் தெருவுக்கு வானம் கொஞ்சம்தான் தெரியும். இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குத்தான் அனுப்பி ஆற வேண்டும். வானம் மறைந்தால் ஆறுவதும் மெதுவாகிறது.

வீடே கட்டாத மனைப்பிரிவு, குடியிருப்பைவிடச் சூடாகத் தெரிகிறது. எப்படி?

பலரையும் குழப்பும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மனைப்பிரிவு போடும்போது முதலில் நடப்பது மேல்மண்ணை வழித்துவிடுவது. வரப்பு, வேலி, ஓரத்து மரம், வாய்க்கால் எல்லாம் அதோடு போய்விடும். பிறகு கிராவல் கொட்டி உருளையால் இறுக்குவார்கள். இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காமல் வழிந்து ஓடிவிடும். மழை நின்ற சில நாட்களிலேயே மேல்தோல் காய்ந்துபோகும். காய்ந்த மண் வெப்பத்தைக் கீழே கடத்துவதில் மந்தம். விழும் வெயிலை ஆழத்துக்கு அனுப்ப முடியாமல் மேலேயே வைத்துக்கொள்கிறது. அதனால் காலை 10 மணிக்கே தோல் கொதிக்கிறது. ஈரம் இல்லை, நிழலும் இல்லை.

பத்து ஆண்டு கழித்து அதே இடத்தில் வீடுகள் எழும்பி, சுவர் நிழல் விழுந்து, வாசலில் மரம் வளர்ந்து, கழிவுநீரும் தோட்ட நீரும் மண்ணில் இறங்கத் தொடங்கினால், செயற்கைக்கோள் பார்க்கும் பகல்நேரத் தரைச்சூடு குறையக்கூடும். நகரப் பரவலின் மிகச் சூடான கட்டம் பல இடங்களில் இந்த இடைக்காலம்தான். பிரித்துப்போட்டு, விற்று, கட்டாமல் ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடக்கும் நிலம் யாருக்கும் கூரையாகவும் இல்லை, யாருக்கும் குளிர்ச்சியும் தருவதில்லை.

எங்கள் வரைபடத்தில் நகர மையம் குளிர்ச்சியாகவும் சுற்றுவட்டாரம் சூடாகவும் வருகிறது. கணக்கில் பிழையா?

பெரும்பாலும் பிழை இல்லை. வறண்ட பகுதி நகரங்களில், அல்லது அறுவடை முடிந்த கோடையில், சுற்றியுள்ள காய்ந்த நிலம் காலையில் நகரத்தைவிடச் சூடாவது இயல்பு. நகரத்துக்குள் மரமும் நிழலும் நீர் பாயும் தோட்டமும் இருக்கின்றன. அதே இடத்தின் இரவுப் படத்தைப் பாருங்கள். காய்ந்த மண் சட்டென்று ஆறிவிடும், நகரம் ஆறாமல் நிற்கும். வரைபடம் தலைகீழாகிவிடும்.

இங்கே ஆபத்து வேறு. "நகரம் கழித்தல் கிராமம்" என்ற ஒற்றை எண்ணைக் கோடையில் மட்டும் எடுத்து, வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே வருகிறது, ஆகவே நகரப் பரவலால் பாதிப்பு இல்லை என்று எழுதிவிடுவார்கள். மழைக்குப் பின் பயிர் நிற்கும் பருவத்திலும் அதே கணக்கைப் போடாமல் அப்படிச் சொல்வது தவறு.

அடர்த்தியாக வளர்ந்தால் சூடு அதிகமா, பரவி வளர்ந்தால் அதிகமா?

கேள்வியை இரண்டாக உடைக்க வேண்டும். உச்ச சூடு, குறிப்பாக இரவுக் காற்றின் சூடு, அடர்ந்த மையத்தில்தான் அதிகம். சூடான பரப்பு பரவிய நகரத்தில் அதிகம். ஒரு லட்சம் பேரை ஹெக்டேருக்கு 200 பேர் என்று குடியமர்த்தினால் 500 ஹெக்டேர் போதும். 50 பேர் என்றால் 2,000 ஹெக்டேர் வேண்டும். கூடுதலாகப் போகும் 1,500 ஹெக்டேர் பெரும்பாலும் விளைநிலமாகவோ நீர்ப்பிடிப்பாகவோ இருக்கும். ஆள் ஒருவருக்கு வரும் சாலை நீளமும் கூடும்.

அதற்காக அடர்த்திதான் மருந்து என்று சொல்லிவிட முடியாது. மரமும் காற்றும் புகாத அடர்த்தி, கீழே வாழ்பவரை இரவில் வாட்டும். கட்டடங்களை நெருக்கமாக வைத்து, மிச்சப்படும் நிலத்தை உண்மையாகவே பசுமையாக விடும் நகரம் வேறு. நெருக்கிக் கட்டிவிட்டு ஓரத்திலும் பரவிக்கொண்டே போகும் நகரம் வேறு.

எந்தச் செயற்கைக்கோள் தரவை எடுப்பது?

நகர வேலைக்கு முதல் தேர்வு லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை. லேண்ட்சாட் 8 2013-லும், 9 2021-லும் ஏவப்பட்டன. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் வரும். இரண்டும் சேர்ந்தால் 8 நாள். கடக்கும் நேரம் உள்ளூர் நேரப்படி காலை 10 மணியை ஒட்டி. தரவு இலவசம். 1984-இல் ஏவிய லேண்ட்சாட் 5 வரை பின்னோக்கிப் போகலாம்.

இதில் மறக்கக் கூடாதது: கோப்பு 30 மீட்டர் கட்டங்களாக வந்தாலும், வெப்ப உணரி உண்மையில் பார்ப்பது 100 மீட்டர் கட்டத்தை. லேண்ட்சாட் 7-இல் 60 மீட்டர், 5-இல் 120 மீட்டர். அதாவது இன்றைய படத்தில் ஒரு அசல் புள்ளி ஒரு ஹெக்டேர். ஒரு வீட்டின் கூரையையோ ஒற்றை மரத்தையோ அதில் தேடக் கூடாது.

இரவு வேண்டும் என்றால் மோடிஸ் என்ற கருவி. 1 கிலோமீட்டர் கட்டம்தான், ஆனால் டெர்ரா, அக்வா என்ற இரண்டு செயற்கைக்கோள்களில் பல ஆண்டுகள் பகலில் இருமுறை, இரவில் இருமுறை பார்த்திருக்கிறது. 2018 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இயங்கும் ஈகோஸ்ட்ரெஸ் கருவி சுமார் 70 மீட்டர் கட்டத்தில், நாளின் வெவ்வேறு நேரங்களில் படம் தரும். நேரம் ஒழுங்காக அமையாதது அதன் தொல்லை, அதுவே அதன் பலமும்.

லேண்ட்சாட்டிலிருந்து வெப்பநிலையை எடுக்கும் படிகள் என்ன?

கலெக்‌ஷன் 2, லெவல் 2 என்று குறித்த தரவை எடுத்தால் வளிமண்டலத் திருத்தமும், உமிழ்திறன் (ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு நன்றாக வெளிவிடுகிறது என்ற அளவு) திருத்தமும் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும். வெப்பப் பட்டையான பேண்ட் 10-இன் எண்ணைக் கெல்வினாக்கி உமிழ்திறனைக் கையால் கணக்கிடும் பழைய முறையைப் படிப்பதற்காகச் செய்து பாருங்கள். முடிவுக்கு லெவல் 2 போதும்.

1. மேற்பரப்பு வெப்பநிலைப் பட்டையான எஸ்டி_பி10 கோப்பைத் திறக்கவும். மதிப்பு 0 உள்ள பிக்சல்கள் (படத்தின் கட்டங்கள்) தரவு இல்லாதவை. முதலில் அவற்றை நீக்கவும். நீக்காமல் விட்டால் அவை கழித்தல் 124 டிகிரியாக மாறிச் சராசரியை இழுத்துவிடும்.

2. கெல்வின் = எண் × 0.00341802 + 149.0. அதிலிருந்து 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ். சரிபார்க்க: எண் 48,000 என்றால் 313.06 கெல்வின், அதாவது 39.9 டிகிரி.

3. கியூஏ_பிக்சல் பட்டையைக் கொண்டு மேகம், மேக நிழல், மேகத்தின் விளிம்பு மூன்றையும் வெட்டவும். மேகத்தை மட்டும் வெட்டி நிழலை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நிழல் விழுந்த புறநகர் பொய்யாகக் குளிரும்.

4. எஸ்டி_கியூஏ பட்டை ஒவ்வொரு பிக்சலின் நிச்சயமின்மையைச் சொல்லும். எண்ணை 0.01-ஆல் பெருக்கினால் கெல்வின். எங்கள் பரிந்துரை, 4 கெல்வினைத் தாண்டுபவற்றை விட்டுவிடலாம்.

5. ஒரே பருவத்தில் குறைந்தது ஐந்தாறு தெளிந்த படங்களை எடுத்து, பிக்சல்வாரியாக இடைநிலை மதிப்பைக் காணவும். ஒற்றைப் படத்தில் முந்தைய வாரம் பெய்த மழை ஒளிந்திருக்கும்.

6. நிலப்பயன்பாட்டு வரைபடத்தோடு பொருத்தவும். நீர்நிலைகளைத் தனி வகையாக வைக்கவும். வார்டு சராசரிக்குள் ஏரி புகுந்தால் அந்த வார்டு இல்லாத குளிர்ச்சியைக் காட்டும்.

2000-க்கும் இன்றைக்கும் ஒப்பிட்டு "இத்தனை டிகிரி கூடியது" என்று சொல்லலாமா?

இரண்டு தேதிகளின் வெப்பநிலையை நேராகக் கழிக்காதீர்கள். அன்றைய காற்று, ஈரப்பதம், முன்பெய்த மழை எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் கலந்துவிடும்.

செய்ய வேண்டியது: இரண்டு காலத்திலும் மாறாமல் இருந்த ஒரு நிலத்தைச் சான்றிடமாகப் பிடியுங்கள். பழைய காடு, பெரிய தோப்பு போன்றவை சரி. குறைந்தது 20, 30 ஹெக்டேர் இருக்கட்டும், அப்போதுதான் ஓரம் கலக்காத அசல் புள்ளிகள் கிடைக்கும். உயரம் நகரத்தை ஒட்டியிருக்க வேண்டும். 100 மீட்டர் மேலே போனால் காற்றே பொதுவாக 0.65 டிகிரி குறையும். பிறகு ஒவ்வொரு படத்திலும் "புறநகர் கழித்தல் சான்றிடம்" எவ்வளவு என்று கண்டு, அந்த வித்தியாசங்களை ஒப்பிடுங்கள். 2000-ஐ ஒட்டிய மூன்று ஆண்டுகளின் படங்களையும், இன்றைய மூன்று ஆண்டுகளின் படங்களையும் சேர்த்து எடுப்பது நல்லது.

கருவிகளாலும் வித்தியாசம் வரும். லேண்ட்சாட் 5-இன் கடக்கும் நேரம் ஆண்டுகளில் நகர்ந்தது. 1990-களின் நடுவில் இன்றைய லேண்ட்சாட் 8-ஐவிட அரை மணிக்கும் அதிகமாக முந்தி வந்தது. காலை வெயிலில் தரை வேகமாக ஏறும் நேரம் அது. லேண்ட்சாட் 7-இல் 2003 மே மாத இறுதியில், படக் கோடுகளை ஒழுங்காக அடுக்கும் ஸ்கேன் லைன் திருத்தி பழுதானது. அதன்பின் வந்த படங்களில் கோடு கோடாகத் தரவு இருக்காது. அந்த இடைவெளிகளை அக்கம்பக்க மதிப்பால் நிரப்பி ஆராயாதீர்கள், வெற்றிடமாகவே விடுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. லெவல் 2 தரவின் உமிழ்திறன், 2000 முதல் 2008 வரை ஆஸ்டர் கருவி சேகரித்த படங்களை அடிப்படையாகக் கொண்டது. பசுமை அளவுக்கேற்ப அது சரிசெய்யப்படுகிறது. அந்த ஆண்டுகளுக்குப் பிறகு வயலிலிருந்து கூரையாக மாறிய இடத்தில் உமிழ்திறன் சற்றுத் தப்பாக இருக்கலாம். 0.01 பிசகினால் வெப்பநிலையில் ஏறக்குறைய அரை டிகிரி போகும். ஆகவே புதுப் புறநகரில் 0.3 டிகிரி வித்தியாசத்தைப் பெரிய கண்டுபிடிப்பாக எழுத வேண்டாம்.

தகரக் கூரைகள் நிறைந்த பகுதி குளிர்ச்சியாகத் தெரிகிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் அளப்பது வெளிவரும் வெப்பக் கதிரை. செடி, மண், தார், கான்கிரீட் எல்லாம் கதிரை நன்றாக வெளிவிடும், உமிழ்திறன் 0.93-இலிருந்து 0.98 வரை. பளபளப்பான, வண்ணம் பூசாத உலோகத் தகடு அதில் சிறு பங்கைத்தான் வெளிவிடும். அது குளிர்ந்த வானத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டுகிறது. உள்ளே இருப்பவர் வேகிறார், படம் குளிர்ச்சி என்கிறது. துருப்பிடித்த, வண்ணம் பூசிய தகடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. தொழிற்கூடங்கள் நிறைந்த புறநகர் வளையத்தை ஆராயும்போது உலோகக் கூரைகளைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் சரிபார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் மலிவான கருவிகளில் உமிழ்திறன் 0.95 என்று நிரந்தரமாக வைத்திருப்பார்கள். தகரத்தில் அது பொய் சொல்லும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் தகரத்தில் ஒட்டி, சில நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளங்கள். 12-க்கு 1 (தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) என்று குறித்த கருவியை 1.2 மீட்டர் தூரத்தில் பிடித்தால் அது 10 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைத் தரும். டேப் பட்டை அந்த வட்டத்தைவிட அகலமாக இருக்க வேண்டும், இல்லையேல் கிட்டே போக வேண்டும். சிவப்பு லேசர் புள்ளி குறிவைக்க மட்டுமே. அளக்கும் இடம் அந்தப் புள்ளியைவிடப் பெரியது.

செயற்கைக்கோளோடு ஒப்பிடுவதானால் அது கடக்கும் நேரத்துக்கு முன்பின் 15 நிமிடத்துக்குள், ஒரு ஹெக்டேருக்குள் 20 இடங்களிலாவது அளங்கள். மேலிருந்து தெரிகிற பரப்புகளை அவற்றின் பங்குக்கேற்பச் சேர்க்க வேண்டும். சுவர்களைச் செயற்கைக்கோள் சரியாகப் பார்ப்பதில்லை.

பூங்கா அமைத்தால் எவ்வளவு தூரம் குளிரும்?

பெரிய பூங்காவின் குளிர்ச்சி சாதாரணமாக அதன் அகலத்தின் அளவுக்கு வெளியே எட்டும், காற்று வீசும் திசையில் கொஞ்சம் கூடுதலாக. ஆனால் பசுமை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம். நீர் நின்றுபோய்க் காய்ந்த புல்தரை, பகலில் வெறும் மண்போலவே நடந்துகொள்ளும். மரம் நிழலும் தரும், ஆழத்து நீரையும் எடுத்து ஆவியாக்கும். நடைபாதை ஓரம் ஓர் அடிக் குழியில் நட்டு, தண்டைச் சுற்றிச் சிமென்ட் பூசிவிட்ட மரம் இந்த இரண்டையும் செய்யாது. வேருக்கு மண்ணும் நீரும் போகும் வழியை விட்டுத்தான் நட வேண்டும்.

வெள்ளைக் கூரை பூச்சு உதவுமா?

கூரைக்கு உதவும். புதுப் பூச்சு வெயிலில் 80 சதவீதத்தைத் திருப்பும். தூசியும் பாசியும் படிய, சில ஆண்டுகளில் அது 60-ஐ நோக்கி இறங்கும். கழுவினால் ஓரளவு மீளும். பூசும் முன் பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, தளம் முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டு கை பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் உரிந்துவிடும். சாலைக்கு வெள்ளை பூசுவதில் எச்சரிக்கை தேவை. தரை குளிரும், ஆனால் திருப்பிய வெயில் நடப்பவர் மேல் விழும்.

புதிய விரிவாக்கப் பகுதிக்குத் திட்டம் போடும்போது எதை முதலில் காப்பாற்றுவது?

நீர் தங்கும் இடங்களை. குளம், சதுப்பு, அவற்றுக்கு நீர் கொண்டுவரும் ஓடை, பள்ளமான வயல். இவற்றை மூடிய பின் மரம் நட்டுச் சூட்டைக் குறைக்க முயல்வது, தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்கும் ஒன்றை வளர்க்கும் வேலை. அடுத்து, நிற்கும் பெரிய மரங்கள். நாற்று அந்த நிழலைத் தர இருபது ஆண்டாவது ஆகும்.

மூன்றாவது, வரிசை. முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் வழிக்க அனுமதிக்காமல், கட்டப்போகும் பகுதியை மட்டும் பகுதி பகுதியாகத் திறக்கச் சொல்லுங்கள். வழித்த மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்துப் பூங்காவுக்கும் சாலை ஓரத்துக்கும் திருப்பிப் போடச் சொல்லுங்கள். கட்டாமல் கிடக்கும் மனைகளில் புல்லோ பயிரோ நிற்கட்டும் என்ற ஒரு நிபந்தனையை அனுமதிக் கடிதத்தில் சேர்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.